சுத்தியல் இல்லாத குழி

...இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தால் போதும், ஒரே ஒரு முழம், அந்தத் துருப்பிடித்த தண்டவாளத் துண்டு கிடக்கிறதே அதுக்குக் கீழே, எழுந்திருக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினால் ஆச்சு... நகர மாட்டேன் என்கிறாளே. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கல்மேட்டின் பாதி உயரத்தில் குந்தியிருந்தார், கையில் உளி இருந்தது, உளிக்கு முன்னால் கல்லும் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு ஆள் மும்முரமாக வேலை செய்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் வந்ததிலிருந்து அந்தக் கல்லை அவர் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை, பார்வை முழுக்கக் கீழே உட்கார்ந்திருந்த மனைவியின் முதுகில்தான். அந்த முதுகைப் பார்த்து மனசுக்குள்ளேயே இடது, இடது என்று சொல்லிக்கொண்டிருந்தார், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருத்தர் நினைக்கிறது இன்னொருத்தருக்குப் போய்ச் சேருகிற அளவுக்காவது பழக்கம் வந்திருக்காதா என்கிற நப்பாசை. வந்திருக்கவில்லை. அவள் வலது பக்கம் நகர்ந்தாள். அதுவும் நன்றாகச் சப்பணம் போட்டு, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, இனி இங்கிருந்து அசைவதாக இல்லை என்கிற மாதிரி.

எல்லாம் அந்தப் பின்னறையால் வந்த வினை. வீட்டில் இருக்கிறது மொத்தம் ரெண்டு அறையும் ஒரு கூடமும், அதில் ஒரு அறை முழுக்க அவருடைய கல், அட்டைப்பெட்டி மேல் அட்டைப்பெட்டி, மூடிப்போன சுரங்கங்களின் வெளியே கொட்டிக் கிடக்கிற மேடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தோண்டிக் கொண்டுவந்த படிகங்கள், வெள்ளை, ஊதா, தேன் நிறம், ஒவ்வொன்றாகப் பஞ்சு சுற்றி, ஒவ்வொன்றுக்கும் ஊர் பேர் எழுதி. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்தால் உட்கார இடம் கூடம்தான், கூடத்தில் டிவி, டிவி முன்னால் இவர். "எனக்கும் கதவைச் சாத்திக்கிற மாதிரி ஒரு இடம் வேணும்" என்று அவள் போன மாதம் சாதாரணமாகத்தான் சொன்னாள், சண்டை போடவில்லை, அதுதான் சிக்கல், சண்டை போட்டால் சமாளித்துவிடலாம். அப்புறம் அவளே ஒரு வழியும் சொன்னாள், ஒரு தடவை நானும் வரேன், அப்படி என்னதான் இருக்கு அங்கேன்னு பார்க்கிறேன், ஏதாவது இருந்தா ரூம் உங்களுக்கு, ஒண்ணும் இல்லேன்னா காலி பண்ணிக் குடுத்துடுங்க. நியாயமான பேச்சு. இவ்வளவு நியாயமாக யாராவது பேசினால் என்ன பதில் சொல்வது? சரி என்றார். சரி என்று சொன்ன பிறகுதான் உறைத்தது, இந்த மேட்டில் நாலு மாதமாக அவரே உருப்படியாக ஒன்றும் எடுக்கவில்லை.

அதனால்தான் அந்த யோசனை... யோசனை என்று சொல்வதைவிடப் பித்தலாட்டம் என்று சொல்லலாம், வெளியே சொல்லாதவரைக்கும் யோசனை. காலையில் அவள் காரில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது, பாம்பு கீம்பு இருக்கான்னு பார்த்துட்டு வந்துடறேம்மா என்று இவர் மட்டும் முன்னால் ஏறி வந்தார். பாம்பா, இந்த வெயிலில் எந்தப் பாம்பு மேடேறி உட்காரும், அவள் அதைக்கூடக் கேட்கவில்லை, ஜாக்கிரதை என்றுதான் சொன்னாள், அந்த ஒரு வார்த்தை இப்போது உறுத்துகிறது. தண்டவாளத் துண்டுக்குக் கீழே ஒரு குழி தோண்டி, சட்டைப்பையில் இருந்த கல்லை எடுத்து ஈரமண்ணை நன்றாக அப்பி உள்ளே வைத்து மூடினார். அந்தக் கல் அவருடைய பெட்டியிலேயே அழகானது, வெள்ளைப் படுக்கையின் மேல் நின்றுகொண்டிருக்கிற பச்சைப் பிரமிடு, உள்ளே விளக்கு போட்ட மாதிரி இருக்கும், பெயர்தான் வாயில் நுழையாது, அபோஃபிலைட். அவளுக்குப் பச்சை பிடிக்கும். அவளுக்குப் பச்சை பிடிக்கும் என்பது தனக்குத் தெரிந்திருக்கிறதே என்று அதில் வேறு ஒரு பெருமை. புதைத்த இடம் மறந்துவிடக் கூடாதென்று பக்கத்தில் தன் சுத்தியலை நட்டு வைத்தார். கல் தேடுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் அதை மீறினவனோடு அப்புறம் யாரும் பேசமாட்டார்கள்: சுத்தியல் நிற்கிற குழியை அடுத்தவன் தொடக் கூடாது. ஆள் சாப்பிடப் போயிருக்கலாம், ஒதுங்கப் போயிருக்கலாம், சுத்தியல் நிற்கிற வரைக்கும் குழி அவனுடையது. சுத்தியலை எடுத்தாச்சா, யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

அந்தச் சுத்தியலைத்தான் எடுத்து அவளிடம் கொடுத்தார். யாராவது இப்படிச் செய்வார்களா? என்னங்க, நீங்க குடுத்த சுத்தியல் கையையே பேத்துடும் போல, வேற இல்லையா என்று அவள் கேட்டாள், முதல் தடவையாகத் தன் பொழுதுபோக்கில் ஒரு சாமானைக் கேட்கிறாளே என்று புளகாங்கிதம், ஓடிப்போய் நட்டு வைத்திருந்ததைப் பிடுங்கி, துடைத்து வேறு கொடுத்தார். கழுத்தில் தொங்கிய லென்ஸையும் கேட்டாள், அதையும் கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்து, சரி, இனி அவள் நகர வேண்டியதுதான் பாக்கி என்று நிம்மதியாக மூச்சு விட்ட நேரத்தில்தான் பல் டாக்டர் மேடேறி வந்தார். வரேன் என்று சொல்லவே இல்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலேயே இல்லை என்றல்லவா சொன்னார்? தொப்பி, முழங்கால் உறை, சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற டூத் பிரஷ், கல் சேர்க்கிறவர்கள் சங்கத்தில் எல்லோரும் பல்லு என்று கூப்பிடுகிற அதே ஆள், "என்னய்யா கண்ணாடி, வீட்டம்மாவையும் இழுத்துட்டு வந்துட்டியா, வாங்க தங்கச்சி வாங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, தண்டவாளத் துண்டுக்குக் கீழே புதிதாகக் கிளறின மண்ணைப் பார்த்து, சுத்தியல் எதுவும் இல்லை என்பதையும் பார்த்து, அம்மாடி என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக் கடைக்காரர் பாதி எழுந்து திரும்பக் குந்தினார். என்னவென்று சொல்வது? அது என் குழி என்றா? சுத்தியல் எங்கே என்று கேட்பார், கேட்க வேண்டியதுதானே, இந்தக் கட்டுப்பாட்டைச் சங்கத்தில் மற்றவர்களுக்கு மணிக்கணக்காக விளக்கினதே இவர்தானே.

இதற்கு நடுவில் அவள் வேறு. ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தாள், இங்க பாருங்க, பச்சையா ஏதோ ஓடுது. இவர் அவள் தோளுக்கு மேலாகப் பல் டாக்டரின் உளி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே, அது செம்புக் களிம்பும்மா, கறை, ஒண்ணுமில்ல என்றார். போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று. அது உலையில உருக்கிக் கொட்டின கசடும்மா, ஒண்ணுமில்ல, நீ அந்த இடது பக்கமா... இல்ல வேண்டாம், எங்க வேணும்னாலும் தேடு. பல் டாக்டர் ஒரு பெரிய கல்லைப் புரட்டினார், இவருக்கு உயிரே போய் வந்தது, அது வேறு கல். மூன்றாவதாக அவள் கொண்டுவந்ததை இவர் பார்த்தாரா? பார்த்த மாதிரிதான் தலையை ஆட்டினார், உள்ளங்கையில் சின்னதாக எதையோ நீட்டினாள், ஒண்ணுமில்லம்மா என்று அவர் வாய் சொல்லிவிட்டது, கண் அப்போது அங்கே இல்லவே இல்லை, குழிக்குள் இருந்தது. அவள் அந்தக் கல்லை அங்கேயே போட்டுவிட்டு, ஓகோ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அந்த ஓகோவை அவர் கவனித்திருக்க வேண்டும், அவளுடைய ஓகோக்களில் ரகம் உண்டு, ஆனால் மனுஷனுக்கு ஒரு நேரத்தில் ஒரு கவலைதான் தாங்கும்.

அப்புறம் பல் டாக்டர் எழுப்பின சத்தம்... அது கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை, பல் பிடுங்கும்போது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் போடுகிற சத்தம் அது. மண் அப்பின உருண்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, யோவ் இங்க வாய்யா, சீக்கிரம் வாய்யா, என் கண்ணு சரியாத்தான் இருக்கா சொல்லு, நீதானே கண்ணாடி போட்டுக் குடுத்தே என்றார். மண்ணின் ஓரத்தில் பச்சை முனை ஒன்று எட்டிப் பார்த்தது. இது அபோஃபிலைட்டுய்யா, எரிமலைக் குழம்பு ஆறின பாறையோட ஓட்டைக்குள்ள விளையுறது, செம்புச் சுரங்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், இந்த மேட்டுல இது வரவே கூடாது, வந்திருக்கே. கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்போதுதான் அந்த விஷயமே தலையில் ஏறியது. ஆமாம், வரவே கூடாதுதான். பெட்டியிலேயே அழகானதை எடுத்தாரே ஒழிய, இந்த மண்ணில் விளையக்கூடியதா என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா, இத்தனை வருஷம் கல்லோடு குடும்பம் நடத்தி என்ன பிரயோஜனம், மாமரத்தில் பலாப்பழத்தைக் கட்டித் தொங்கவிட்ட கதைதான். பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றித்தான் பேசப்போகிறாராம், படம் எடுத்துப் பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் அனுப்பப்போகிறாராம், எல்லோரும் இந்த மேட்டைத் தேடி வரப்போகிறார்களாம், ரிட்டயர் ஆகிறதுக்குள்ள வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்னு வேண்டிக்கிட்டேன்யா என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பாவி மனுஷா, ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறாய், கொஞ்சம் குறைவாகச் சந்தோஷப்பட்டால் உண்மையைச் சொல்லிவிடலாமே. சொன்னால்? பத்தடியில் அவள், ரூம் போச்சு. சொல்லாவிட்டால்? சங்கத்தில் அத்தனை பேர் முன்னாலும் இந்த ஆளுடைய மானம் போச்சு. இரண்டில் எது... என்று நினைக்கும்போதே பல் டாக்டர் சட்டைப்பையிலிருந்து டூத் பிரஷை உருவினார், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார், அப்போதுதான் கண்ணாடிக் கடைக்காரருக்கு நினைவு வந்தது. நம்பர்.

கல்லின் அடியில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு, அதன் மேல் கறுப்பு மையில் நம்பர், அவர் கையாலேயே, அவருடைய அந்தக் கோணல் ஏழோடு. பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை, மண்ணை மட்டும் அப்பினார், அதுவும் ஒரு கலைஞன் மாதிரி அப்பினார். வேண்டாம்யா, இங்க கழுவாதே, தண்ணி பட்டா உடைஞ்சுடும் என்றார். அபோஃபிலைட்டா, தண்ணியிலயா? பல் டாக்டர் சிரித்தார், பிரஷ் மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிற அதே அழகோடு போயிற்று, முனை தெரிந்தது, பக்கம் தெரிந்தது, பச்சை வெயிலைக் குடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் அவர் கல்லைத் திருப்பினார். பிரஷ் நின்றது. கல்லைப் பார்த்தார், கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார், கீழே லென்ஸும் கையுமாகக் குனிந்திருந்த மனைவியைப் பார்த்தார், திரும்பக் கல்லைப் பார்த்தார், அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் துண்டு துண்டாகக் கழன்று விழுவதை நிற்கவைத்துக் காட்டின மாதிரி இருந்தது, வேறெங்கும் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. அவரும் கல்யாணமானவர்தானே, என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தங்கச்சி, உங்க பக்கத்துல ஏதோ பளபளன்னு தெரியுதே என்று சொல்லிக் கல்லை மெதுவாகச் சரிவில் உருட்டிவிட்டார். இந்த உபகாரத்தை யார் கேட்டார்கள்? நாடகத்தில் மரமாக நிற்கக்கூட லாயக்கில்லாத குரல். கல் உருண்டு போய் அவள் முழங்காலில் இடித்து நின்றது, நனைந்து, சுத்தமாக, நம்பர் பக்கம் மேலாக.

அவள் எடுத்தாள். தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களில் ஒட்டின நம்பரைப் படித்து எந்த ரத்தம் யாருடையது என்று சொல்கிறவள், அவளுக்கு இது எம்மாத்திரம்? லென்ஸ்கூட வைக்கவில்லை. "மண்ணுக்குள்ள நம்பரோடயே விளையுமா?" என்று கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. பல் டாக்டர் திடீரென்று தன் முழங்கால் உறையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அவள் மேலே ஏறி வந்து கல்லை இவர் கையில் வைத்தாள், உங்க ஏழு என்றாள், அவ்வளவுதான். கோபம் இருந்ததா? முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அதனால் தெரியாது. கிளம்பலாமா, வெயில் ஏறுது என்றாள். பல் டாக்டரிடம், வரேங்க, உங்களுக்குக் கிடைச்சது உங்களுக்கே இல்லாம போயிடுச்சே என்று நல்லபடியாகச் சொல்லிக்கொண்டாள், அவர், அதனால என்னம்மா என்றார். கல்லை அவரிடமே கொடுத்துவிடலாமா என்று கண்ணாடிக் கடைக்காரருக்குத் தோன்றியது, நீட்டவும் நீட்டினார், பல் டாக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டிய விதத்தில் நீட்டின கை கூசிப்போயிற்று. சரிவில் இறங்கும்போது காலுக்குக் கீழே கல் சரிந்துகொண்டே இருந்தது, அந்தப் பின்னறையில் எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது, எங்கே கொண்டுபோய் வைப்பது, கடையின் பரணில் பாதியாவது கொள்ளுமா, பாக்கியை யார் வாங்கிக்கொள்வார்கள், வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆளையும் இன்றைக்கு இப்படிச் செய்தாயிற்றே... என்று மனசு ஏற்கெனவே வீட்டுக்குப் போய் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தது.

காரைக் கிளப்பித் தார் ரோட்டுக்கு வந்தாயிற்று. மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம், சொல்ல வேண்டியதுதான், அடுத்த வளைவு தாண்டினதும் சொல்லலாம், சரி இந்த லாரி போகட்டும்... என்று தள்ளிப்போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே கட்டைவிரல் நகமளவு ஏதோ ஒன்று, எச்சில் தொட்டுத் துடைத்தாள், லென்ஸைக் கண்ணில் வைத்தாள், அடுத்த கண்ணை மூடாமலேயே, மைக்ராஸ்கோப் பார்த்துப் பழகினவர்கள் வைக்கிற மாதிரி, இவருக்கு அந்தப் பழக்கம் வர எத்தனை வருஷம் பிடித்தது. அது என்னதும்மா, என்கிட்டே காட்டவே இல்லையே என்றார். "காட்டினதுக்கெல்லாம் ஒண்ணுமில்லைன்னீங்க. இது எனக்குப் பிடிச்சிருந்தது, அதான் காட்டலை" என்றாள், லென்ஸை எடுக்காமலேயே, குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை. என்ன நிறமாயிருக்கும், முனை இருக்குமா, கொத்தாக இருக்குமா, அந்த மேட்டில் தான் இத்தனை மாதமாகக் காணாததா, எட்டிப் பார்க்கலாமென்றால் ரோடு வளைந்துகொண்டே போகிறது. அந்த ரூம் விஷயம்... என்று இழுத்தார். இருங்க என்றாள். இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா... இருங்கன்னேன்ல, பார்த்துக்கிட்டிருக்கேன். குனிந்த தலை, காதோரத்தில் மண், யார் கூப்பிட்டாலும் எட்டாத இடத்துக்குப் போய்விட்ட அந்த முகம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் இரண்டு வார்த்தை பேசக் காத்துக்கொண்டிருப்பது இவ்வளவு நீளமான வேலையா, இதைத்தான் அவள் கூடத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாளா, சாத்தின பின்னறைக் கதவுக்கு இந்தப் பக்கம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்... அறையை அவள் கேட்பாளா மாட்டாளா என்று தெரியவில்லை, கேட்டால் தனக்காகக் கேட்பாளா அந்தக் கல்லுக்காகக் கேட்பாளா என்றும் தெரியவில்லை. ரோடு மோசமாக இருந்தது, வண்டி ஆடினால் லென்ஸில் ஒன்றும் நிற்காது என்பது மட்டும் அவருக்குத் தெரியும், அதனால் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.